ஏ லெவல் புவியியல்: இங்கிலாந்தில் புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ. தேர்வை முடித்துவிட்டுப் பதினாறு வயதில் சிக்ஸ்த் ஃபார்முக்குள் நுழையும் மாணவர் பெரும்பாலும் மூன்று பாடங்களை எடுத்து ஏ லெவல் தேர்வுக்காக இரண்டு ஆண்டுகள் படிக்கிறார். அந்த மூன்றில் ஒன்றாகப் புவியியலை எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காகவும், எடுத்துவிட்டு முதல் சில வாரங்களில் திகைத்து நிற்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பெற்றோரும் படித்தால் நல்லது. ஏனென்றால் நம் வீடுகளில் இந்தப் பாடத்தின் மீது ஒரு பழைய அபிப்பிராயம் இருக்கிறது. இலங்கையில் உயர்தரம் படித்தவர்களுக்குப் புவியியல் என்றால் கலைப்பிரிவுப் பாடம். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கோ பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் தேர்வில் வரைபடத்தில் ஆறுகளையும் மலைகளையும் குறித்துக் கொடுத்த நினைவு. இங்கிலாந்தின் ஏ லெவல் புவியியல் இந்த இரண்டில் எதுவும் அன்று. நீர்ச் சுழற்சியும் கார்பன் சுழற்சியும் படிக்கும் அதே மாணவர், ஒரு கடைத்தெரு ஏன் மாறியது என்றும் உலக வணிகத்தின் விதிகளை யார் எழுதுகிறார்கள் என்றும் படிக்கிறார். புள்ளியியல் சோதனை செய்கிறார். தானே ஆய்வுக் கேள்வி ஒன்றை எழுப்பி, களத்துக்குப் போய் அளந்து, நாலாயிரம் சொல் அளவில் ஓர் அறிக்கை எழுதுகிறார்.

இந்தப் பாடத்தில் நன்றாகச் செய்பவருக்கும் சுமாராகச் செய்பவருக்கும் இடையில் நான் காணும் வேறுபாடு பெரும்பாலும் ஒன்றுதான். நன்றாகச் செய்பவர் எதைச் சொன்னாலும் பெயருள்ள ஓர் இடத்தைக் காட்டிச் சொல்கிறார். மற்றவர் 'கடலரிப்பால் மக்கள் பாதிக்கப்படுகிறார்கள்' என்று எழுதி நிறுத்திவிடுகிறார். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு பழக்கத்தை உண்டாக்குவதற்கான வழிகளே.

எடுப்பதற்கு முன்

முதலில், சேர நினைக்கும் பள்ளியோ கல்லூரியோ என்ன தகுதி கேட்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் ஜி.சி.எஸ்.இ. புவியியலில் 5 அல்லது 6 தரம் கேட்பார்கள்; ஜி.சி.எஸ்.இ.யில் புவியியல் எடுக்காதவர்களை ஆங்கிலத் தரத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. நீண்ட விடைகள் எழுத வேண்டிய பாடம் என்பதால் ஆங்கில எழுத்து முக்கியம். கணிதம் ஜி.சி.எஸ்.இ. அளவுக்கு மேல் தேவைப்படாது.

அடுத்து, மற்ற இரண்டு பாடங்களோடு இது எப்படிப் பொருந்துகிறது என்பதை யோசியுங்கள். பொருளியல், அரசியல், வரலாறு எடுப்பவர்களுக்கு மானிடப் புவியியல் இயல்பாகவே கை கொடுக்கும். உயிரியல், வேதியியல் எடுப்பவர்களுக்கு இயற்கைப் புவியியல் எளிதாகத் தெரியும். மருத்துவம்தான் இலக்கு என்று வீட்டில் முடிவாகியிருந்தாலும், வேதியியலும் உயிரியலும் கையில் இருக்கும்போது மூன்றாவது பாடத்தைப் பல மருத்துவக் கல்லூரிகள் மாணவரின் விருப்பத்துக்கே விட்டுவிடுகின்றன. அந்தந்தக் கல்லூரியின் நிபந்தனையை மட்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 'சுலபமான பாடம்' என்று நினைத்து எடுப்பவர்களுக்கு ஒரு சொல்: எளிய பாடங்களின் பட்டியலில் இதைச் சேர்க்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

பாடத்திட்டத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்

இங்கே எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே கேள்வித்தாள் இல்லை. ஏ.க்யூ.ஏ., பியர்சன் எட்எக்செல், ஓ.சி.ஆர்., எட்யுகாஸ் ஆகிய தேர்வு வாரியங்களில் ஒன்றை உங்கள் பள்ளி தேர்ந்தெடுத்திருக்கும். முதல் வாரத்திலேயே எந்த வாரியம், எந்தெந்த விருப்பப் பகுதிகள் என்று ஆசிரியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விருப்பப் பகுதி என்று பெயர் இருந்தாலும் அதைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் பள்ளிதான். ஒரு பள்ளி கடற்கரைகளை நடத்தும். பக்கத்துப் பள்ளி பனியாறுகளை நடத்தும். உறவுக்காரப் பிள்ளையின் பழைய குறிப்பேட்டை வாங்கிப் படிக்கத் தொடங்கி, இரண்டு மாதம் கழித்து அது வேறு வாரியம் என்று கண்டுபிடிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

எடுத்துக்காட்டாக ஏ.க்யூ.ஏ. அமைப்பைப் பார்ப்போம். இயற்கைப் புவியியல் ஒரு தாள், மானிடப் புவியியல் ஒரு தாள். ஒவ்வொன்றும் 2 மணி 30 நிமிடம், 120 மதிப்பெண், மொத்தத்தில் 40 விழுக்காடு. மீதி 20 விழுக்காடு என்.இ.ஏ. எனப்படும் தனி ஆய்வு அறிக்கைக்கு. முதல் தாளில் நீர், கார்பன் சுழற்சிகள் எல்லோருக்கும் கட்டாயம். கடற்கரை, வெப்பப் பாலைவனம், பனியாறு ஆகியவற்றில் ஒன்று. பேரிடர்கள் அல்லது நெருக்கடியிலுள்ள சூழல்மண்டலங்கள். இரண்டாம் தாளில் உலகளாவிய அமைப்புகளும் ஆளுகையும், மாறிவரும் இடங்கள் என்னும் பகுதி, பிறகு நகரம், மக்கள்தொகை, வளப் பாதுகாப்பு ஆகியவற்றில் ஒன்று. எட்எக்செல் மூன்று தாள்களாகப் பிரிக்கிறது. அதன் மூன்றாம் தாளில் ஒரு தகவல் தொகுப்பைக் கையில் கொடுத்து, இரண்டு ஆண்டுகளில் படித்த எல்லாவற்றையும் இணைத்து எழுதச் சொல்கிறார்கள். எந்த வாரியமானாலும் என்.இ.ஏ.வுக்கு 20 விழுக்காடுதான். தேர்வுகள் எல்லாம் இரண்டாம் ஆண்டின் இறுதியில் ஒன்றாக வருகின்றன. 2016இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்திலிருந்து முதலாண்டு மதிப்பெண் ஏ லெவலில் சேர்வதில்லை. இதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்: முதலாண்டு முடிவில் வரும் பள்ளித் தேர்வு ஒரு சோதனையோட்டமே. ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பள்ளி தரும் எதிர்பார்ப்புத் தரத்துக்குப் பல இடங்களில் அதைத்தான் அடிப்படையாகக் கொள்கிறார்கள் என்பதால் அலட்சியமும் கூடாது.

பாடத்திட்டத்தை வாரியத்தின் இணையதளத்திலிருந்து இறக்கி அச்சிட்டு, கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வியாக வரக்கூடியது. ஒரு பகுதி வகுப்பில் முடிந்ததும் அந்த வரிக்கு எதிரே, அதற்கு நீங்கள் எந்த இடத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வீர்கள் என்று பென்சிலால் எழுதுங்கள். எதிரே வெறுமையாக இருக்கும் வரிகள்தான் உங்கள் அடுத்த வார வேலை.

பெரும்பாலான பள்ளிகளில் இரண்டு ஆசிரியர்கள் இருப்பார்கள். ஒருவர் இயற்கைப் புவியியலையும் மற்றவர் மானிடப் புவியியலையும் இணையாக நடத்துவார்கள். ஆகவே தொடக்கத்திலிருந்தே இரண்டு கோப்புகள் வைத்துக்கொள்ளுங்கள். கால அட்டவணையில் வெறுமையாகத் தெரியும் வேளைகள் ஓய்வு நேரம் அல்ல. வகுப்பில் ஒரு மணி நேரம் படித்ததற்கு வெளியே ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்தால் கடைசி நேரத்தில் மூச்சுத் திணறாது.

ஓர் இடத்தை முழுமையாகப் படிப்பது

கடற்கரைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், வடக்கே ஃபிளாம்பரோ ஹெட் முதல் தெற்கே ஸ்பர்ன் வரை சுமார் 61 கிலோமீட்டர் நீளும் ஹோல்டர்னஸ் கரை, கடற்கரைப் பகுதியை எடுக்கும் பல பள்ளிகளில் நடத்தப்படுகிறது. அதைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி வைக்கும் மாணவர்கள் உண்டு. தேர்வில் அதில் எட்டுப் பக்கம் பயன்படாது. ஒரே பக்கத்தில் அடங்கும் குறிப்பு போதும், ஆனால் அதில் காரணச் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும்.

அந்தச் சங்கிலி இப்படிப் போகும். ஃபிளாம்பரோவில் இருப்பது சுண்ணப்பாறை, கெட்டியானது. அதற்குத் தெற்கே உள்ள குன்றுகள் கடைசிப் பனியுகத்தில் பனிப்படலம் கொண்டுவந்து கொட்டிய களிமண். மழைநீர் ஊறினாலே சரியும். வடகிழக்கிலிருந்து வரும் அலைகள் வட கடலில் நெடுந்தூரம் தடையின்றி வருவதால் வலிமையோடு மோதுகின்றன. களிமண்ணின் பெரும்பகுதி நுண்துகள்; அது கடலில் கரைந்து போய்விடுவதால், குன்றைக் காக்கும் அளவுக்கு அகலமான மணற்கரை உருவாவதில்லை. ஆகவே சராசரியாக ஆண்டுக்கு 2 மீட்டர் அளவுக்குக் கரை பின்வாங்குகிறது. ரோமானியர் காலத்திலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் கடலுக்குள் போய்விட்டன. அரிக்கப்பட்ட மணல், அலைகள் அதைக் கரையை ஒட்டித் தள்ளிக்கொண்டு போகும் கரையோர நகர்வால் தெற்கே சென்று ஸ்பர்ன் என்னும் நீண்ட மணல்திட்டாகப் படிகிறது. 2013 டிசம்பர் புயலில் அந்தத் திட்டையும் கடல் உடைத்துக்கொண்டு போனது.

இதுவரை இயற்கை. இனி மனிதர்கள். 1991இல் மாப்பிள்டன் என்னும் சிறு கிராமத்தையும் அதன் வழியே போகும் பி1242 சாலையையும் காப்பாற்ற, ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டு செலவில் கடலுக்குள் நீளும் கல்தடுப்புகளான இரண்டு தூண்டில் வளைவுகளும் கருங்கல் கரைத்தடுப்பும் கட்டினார்கள். கிராமம் பிழைத்தது. ஆனால் தெற்கே போக வேண்டிய மணல் தடைபட்டதால், அங்கிருந்த கிரேட் கௌடன் பகுதியில் அரிப்பு வேகமெடுத்துப் பண்ணை நிலமும் கட்டடங்களும் போயின. ஒரே கரையில் ஒருவருக்கான பாதுகாப்பு இன்னொருவருக்கு இழப்பாகிறது. சென்னையில் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இதே விதிதான். அங்கே மணல் வடக்கு நோக்கி நகர்வதால் திசை மட்டும் மாறுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டும் மாணவர் விதியைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பது தேர்வாளருக்கு உடனே தெரிந்துவிடும்.

இந்த ஒரு பக்கக் குறிப்பின் ஓரத்தில், இது பாடத்திட்டத்தின் எந்தெந்த வரிகளுக்குப் பயன்படும் என்று எழுதுங்கள்: பாறையமைப்பு, அலைகள், படிவு வடிவங்கள், கடினமான தடுப்புகள், கரையோர மேலாண்மைத் திட்டம், ஆட்களுக்கிடையிலான முரண்பாடு. இப்படி ஆறு வரிகளுக்கு ஒரே இடம் போதுமென்றால், ஆறு இடங்களை அரைகுறையாகப் படிக்கத் தேவையில்லை.

உங்கள் தெருவும் ஒரு பாடம்தான்

மாறிவரும் இடங்கள் என்னும் பகுதி பலரைக் குழப்புகிறது. உங்களுக்கு அருகிலுள்ள ஓரிடத்தையும், அதிலிருந்து மாறுபட்ட தொலைவிலுள்ள ஓரிடத்தையும் ஆழமாகப் படிக்க வேண்டும். அங்கே வாழும் மக்கள் யார், அது எப்படி மாறியது என்பதோடு, அந்த இடத்தை யார் எப்படி உணர்கிறார்கள், விளம்பரமும் செய்தித்தாளும் அதை எப்படிக் காட்டுகின்றன என்பதும் பாடம். உணர்வைப் பற்றி எழுத வேண்டும் என்றதும் சிலர் கவிதை எழுதிவிடுகிறார்கள். இதற்கும் சான்று வேண்டும்.

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த் பக்கம் இருக்கும் மாணவர் ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம்? 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த நாடு, பிரதான மொழி, வீட்டு உரிமை ஆகியவை சிறு பகுதி வாரியாகக் கிடைக்கின்றன. தமிழ் அதில் தனி மொழியாகவே வருகிறது. நாமிஸ் என்னும் அரசு இணையதளத்தில் இதை இலவசமாக எடுத்து, 2011 எண்களோடு ஒப்பிடலாம். இங்கிலாந்து அரசின் வறுமைக் குறியீடு வருமானம், வேலை, கல்வி, உடல்நலம், குற்றம், குடியிருப்புத் தடைகள், வாழ்சூழல் என ஏழு கூறுகளை எடுத்துக்கொண்டு, சராசரியாக 1,500 பேர் வாழும் சிறு பகுதிகளை வரிசைப்படுத்துகிறது. இவை எண்கள். இவற்றோடு, கடைக்காரர்களிடமும் நீண்ட காலம் வாழ்பவர்களிடமும் எடுத்த பேட்டிகள், பழைய புகைப்படங்கள், கடைப் பலகைகளின் மொழிகளைக் குறித்த பட்டியல் ஆகியவற்றை வையுங்கள். நகைக்கடையும் மளிகைக்கடையும் நிறைந்த தெருவை உங்கள் அம்மா 'நம்ம இடம்' என்று சொல்லும்போது, அங்கேயே பிறந்து வளர்ந்த முதிய ஆங்கிலேயர் ஒருவர் 'என் தெருவாக இல்லை' என்று சொல்லக்கூடும். இரண்டையும் பதிவுசெய்து, எந்த வரலாறு அந்த இரு பார்வைகளையும் உண்டாக்கியது என்று விளக்குவதே இங்கே கேட்கப்படுவது. நீங்கள் அந்த இடத்தின் உள்ளாள் என்பதால் எதைக் காணத் தவறுகிறீர்கள் என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள். இதை எழுதுபவர்கள் குறைவு, எழுதினால் மதிப்பு உண்டு.

பேரிடர் பகுதியிலும் குடும்பத்தின் நினைவு உதவலாம், ஆனால் எச்சரிக்கையோடு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைப் பற்றி முல்லைத்தீவிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ வந்த வீடுகளில் நிறையக் கேட்டிருப்பீர்கள். தேர்வில் அது சான்றாக மாற வேண்டும். சுமத்ரா அருகே உருவான அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. பசிபிக்கில் 1949 முதலே எச்சரிக்கை அமைப்பு இருந்தும் இந்தியப் பெருங்கடலில் அப்போது எதுவும் இல்லை. நிவாரணத்தைப் பகிர 2005 ஜூனில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் செய்துகொண்ட ஏற்பாடு உச்ச நீதிமன்றத் தடையால் நடைமுறைக்கு வரவில்லை. இவை மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்: முதலாவது இயற்பியல், இரண்டாவது ஆயத்தம், மூன்றாவது ஆளுகை.

களப்பணியும் தனி ஆய்வும்

ஏ லெவல் மாணவர் ஒவ்வொருவரும் குறைந்தது நான்கு நாள் களப்பணி செய்திருக்க வேண்டும் என்பது விதி; இயற்கை, மானிடம் இரண்டும் அதில் இருக்க வேண்டும். பள்ளிகள் பெரும்பாலும் முதலாண்டுக் கோடையில் இதை ஏற்பாடு செய்கின்றன. சில நாள் வெளியூரில் தங்க வேண்டியிருக்கும். பெண் பிள்ளையை அனுப்பத் தயங்கும் பெற்றோர் இது சுற்றுலா அல்ல, பாடத்தின் பகுதி என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். செலவு சுமையாக இருந்தால் பள்ளியிடம் உதவித்தொகை பற்றி முன்கூட்டியே கேளுங்கள், கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

இந்த நாட்களிலிருந்தோ, உங்கள் சொந்த முயற்சியிலிருந்தோ என்.இ.ஏ. பிறக்கிறது. பரிந்துரைக்கப்பட்ட அளவு 3,000 முதல் 4,000 சொல். தலைப்பு உங்களுடையதாக இருக்க வேண்டும். தரவைக் குழுவாகச் சேகரிக்கலாம். அதற்குப் பிறகான பகுப்பாய்வும் எழுத்தும் தனியாக. தொடங்குமுன் திட்டப் படிவத்தை நிரப்பி ஆசிரியரின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஆசிரியர் பொதுவான வழிகாட்டுதல் தரலாம், வரைவைத் திருத்தித் தர முடியாது. டியூஷன் ஆசிரியர் எழுதித் தருவது மோசடி. பிடிபட்டால் தகுதியிழப்பு வரை போகும்.

கேள்வியைச் சுருக்குவதுதான் முதல் வேலை. லண்டனிலிருந்து பல பள்ளிகள் போகும் எசெக்ஸ் கரையின் வால்டன்-ஆன்-தி-நேஸ் என்னும் ஊரை வைத்துப் பார்ப்போம். அங்கே மலைமுகட்டின் மேற்பகுதி ரெட் க்ராக் என்னும் செம்மணல். அடியில் லண்டன் களிமண். மழைநீர் மணலுக்குள் எளிதாக இறங்கி, களிமண்ணைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியின்றித் தேங்குகிறது. அங்கேயே மேற்பகுதி வழுக்கிச் சரிகிறது. தொலைவிலிருந்து பார்த்தாலே செம்மண் மேடுகள் சாம்பல் களிமண்ணின் மேல் படிப்படியாகச் சரிந்து கிடப்பது தெரியும். 2011இல் ஒரு பகுதியின் அடிவாரத்தில் க்ராக் வாக் என்னும் கருங்கல் தடுப்பைக் கட்டியிருக்கிறார்கள்.

இங்கே போகும் மாணவர் 'வால்டனில் கடலரிப்பு எப்படி இருக்கிறது?' என்று கேள்வி வைத்தால் ஒரு நாளில் விடை காண முடியாது. 'க்ராக் வாக் தடுப்புக்குப் பின்னாலுள்ள சரிவின் வடிவமும் தாவரப் போர்வையும் தடுப்பில்லாத சரிவிலிருந்து எந்த அளவுக்கு மாறுபடுகின்றன?' என்று கேட்டால் முடியும். சரிவுக் கோணத்தைக் கிளினோமீட்டரால் பாதுகாப்பான தொலைவிலிருந்து அளக்கலாம். குவாட்ரட் என்னும் சதுரச் சட்டகத்தைத் தரையில் வைத்துத் தாவரப் பரப்பை விழுக்காட்டில் குறிக்கலாம். தடுப்புகளின் இரு பக்கமும் மணல் மட்டத்தின் உயரத்தை அளக்கலாம். நாட்டின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களை டிஜிமேப் என்னும் இணையச் சேவை மூலம் எடுத்து மலைமுகட்டின் பழைய எல்லையை இன்றைய எல்லையோடு பொருத்திப் பார்க்கலாம். சரியக்கூடிய முகட்டின் அடியில் நிற்கக் கூடாது, அலை ஏறும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பவை இடர் மதிப்பீட்டுப் படிவத்துக்காக எழுதப்படும் வரிகள் மட்டும் அல்ல.

களத்தில் ஒவ்வோர் அளவீட்டுக்கும் எங்கே, எத்தனை மணிக்கு, யார் அளந்தார், ஏன் அந்தப் புள்ளி என்று குறித்துக்கொள்ளுங்கள். மாதிரியெடுத்த முறைக்கு, அதாவது சீரான இடைவெளியிலா, சீட்டுக் குலுக்கலைப் போல எழுந்தவாக்கிலா, வகைவாரியாகவா என்பதற்குக் காரணம் எழுதுவதற்கென்றே மதிப்பெண் உண்டு. அறிக்கையின் கடைசிப் பகுதியான மதிப்பீட்டில், தரவின் குறைகளை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு நிறுத்தாதீர்கள். அந்தக் குறை முடிவை எவ்வளவு அசைக்கிறது என்பதையும் சொல்லுங்கள். மழை பெய்ததால் அளவீடுகள் குறைந்தன என்று எழுதுவதில் பயனில்லை. எந்த முடிவை அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதினால் பயனுண்டு.

எண்களுக்கு அஞ்ச வேண்டாம்

ஸ்பியர்மன் தரவரிசை ஒட்டுறவு, கை-ஸ்கொயர் சோதனை, திட்ட விலக்கம், கால்மான இடைவீச்சு ஆகியவை போன்ற சிலவற்றையே கற்க வேண்டும். கடற்கரையில் பத்துப் புள்ளிகளில் கூழாங்கற்களின் சராசரி நீளத்தை அளந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பியர்மன் முறையில், கரையின் ஒரு முனையிலிருந்து அந்தப் புள்ளிகளின் தொலைவையும் கற்களின் நீளத்தையும் தனித்தனியே தரவரிசைப்படுத்தி, ஒவ்வொரு புள்ளியிலும் இரு தரங்களின் வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டினால் 40 வருகிறது என்க. அதை 6ஆல் பெருக்கி 240. பத்தின் கனத்திலிருந்து பத்தைக் கழித்து 990. 240ஐ 990ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.76. பத்துப் புள்ளிகளுக்கு, இருபக்கச் சோதனையில், 0.05 நிலையில் அட்டவணை தரும் எல்லை 0.648. உங்கள் எண் அதைவிடப் பெரியது; எனவே உண்மையில் தொடர்பே இல்லாதபோது இவ்வளவு வலுவான ஒட்டுறவு தற்செயலாகத் தோன்றுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. கணக்கு இவ்வளவுதான். பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். தொடர்பு இருக்கிறது என்றால் அதற்கு அலையின் தேய்ப்பு காரணமா, கரையோர நகர்வு காரணமா, யாரோ கொண்டுவந்து கொட்டிய சரளை காரணமா என்பதுதான் புவியியல் கேள்வி.

தரவுகளை வரைபடத்தில் பொருத்திப் பார்க்கும் ஜி.ஐ.எஸ். மென்பொருளையும் இப்போதே தொட்டுப் பாருங்கள். க்யூஜிஐஎஸ் இலவசம், ஆர்க்ஜிஐஎஸ் ஆன்லைன் கணக்கு பல பள்ளிகளிடம் இருக்கும். பின்னாளில் வேலைக்கும் இதுவே நேரடியாகப் பயன்படும் திறன்.

இருபது மதிப்பெண் விடை

ஏ.க்யூ.ஏ. தாளில் 4, 6, 9, 20 மதிப்பெண் கேள்விகள் வரும். 150 நிமிடத்தில் 120 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றேகால் நிமிடம். இருபது மதிப்பெண் விடைக்கு 25 நிமிடம், அதில் மூன்று நிமிடம் திட்டமிட. படத்தையோ அட்டவணையையோ கொடுத்து 'இதைப் பகுப்பாய்வு செய்க' என்று கேட்கும் 6 மதிப்பெண் கேள்வியில், போக்கையும் விலகலையும் எண்களோடு சுட்டுங்கள், இரண்டு எண்களை வைத்துச் சிறு கணக்கு ஒன்று போடுங்கள். காரணக் கதைகளுக்கு அங்கே இடமில்லை.

இருபது மதிப்பெண் கேள்வியில் பாதி அறிவுக்கு, பாதி அந்த அறிவைப் பயன்படுத்தி வாதிடுவதற்கு. 'நிலநடுக்கத்தின் தாக்கத்தை அதன் வலிமையே தீர்மானிக்கிறது; எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?' என்று கேள்வி வந்தால், 2010ஆம் ஆண்டே உங்களுக்கு ஓர் ஒப்பீட்டைத் தருகிறது. ஜனவரி 12 அன்று ஹைட்டியில் 7.0, பிப்ரவரி 27 அன்று சிலியில் 8.8. வெளிப்பட்ட ஆற்றல் சிலியில் ஏறத்தாழ 500 மடங்கு. சிலியில் இறந்தவர்கள் 500 பேர் அளவில். ஹைட்டியில் அரசு சொன்ன எண் 3 லட்சத்தைத் தாண்டியது, வேறு மதிப்பீடுகள் ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்குகின்றன. எந்த எண்ணை எடுத்தாலும் வலிமை மட்டும் போதாது என்பது தெளிவு. சிலியில் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட விதிகள் இருந்தன, அவற்றை நடைமுறைப்படுத்தும் அரசும் இருந்தது. ஹைட்டியில் இரண்டும் பலவீனம்.

இங்கே நிறுத்தினால் நடுத்தர விடை. அடுத்த பத்தியில் உங்கள் வாதத்தையே சோதியுங்கள். ஹைட்டி நிலநடுக்கம் 13 கிலோமீட்டர் ஆழத்தில், தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸிலிருந்து 25 கிலோமீட்டர் தொலைவில் நிகழ்ந்தது; சிலியின் மையம் கடலுக்கடியில், பெருநகரங்களிலிருந்து விலகி, அதைவிட ஆழத்தில். ஆகவே வறுமையும் ஆளுகையும் மட்டுமே காரணம் என்று சொல்லவும் முடியாது; ஆழமும் அருகாமையும் சேர்ந்தே அந்த நகரத்தைத் தரைமட்டமாக்கின. முடிவுரையில் 'இரு பக்கமும் உண்மை உண்டு' என்று ஒதுங்காமல், எது எந்தச் சூழலில் அதிக எடை பெறுகிறது என்று ஒரு நிலைப்பாட்டை எடுங்கள். ஹைட்டியின் இறப்பு எண்ணே சர்ச்சைக்குரியது என்பதைச் சொல்வதும் பலவீனம் அல்ல. பலவீனமான ஆளுகைக்கு அதுவே ஒரு சான்று.

இத்தகைய விடையை மாதத்துக்கு இரண்டு முறையாவது கடிகாரத்தை வைத்துக் கையால் எழுதிப் பழகுங்கள். பழைய தாள்களும் மதிப்பிடும் குறிப்புகளும் வாரியத்தின் தளத்திலேயே உள்ளன. தேர்வாளர் அறிக்கையையும் படியுங்கள். மாணவர்கள் எங்கே வழுக்கினார்கள் என்று நேரடியாகச் சொல்லும் ஒரே ஆவணம் அது.

பல்கலைக்கழகத்தை நோக்கி

இரண்டாம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில் பல்கலைக்கழக இடத்துக்கான யூக்காஸ் விண்ணப்பமும் என்.இ.ஏ. எழுத்தும் ஒரே நேரத்தில் வந்து விழும். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் விண்ணப்பத்துக்கு அக்டோபர் 15 கடைசி நாள். ஆகவே கோடை விடுமுறைக்குள் களத்தரவைச் சேகரித்து, குறைந்தது முறையியல் பகுதியையாவது எழுதி முடித்திருந்தால் அந்தப் பருவம் தாங்கக்கூடியதாக இருக்கும். விண்ணப்பத்தில் எழுதுவதற்கும் உங்கள் சொந்த ஆய்வைவிட நல்ல பொருள் வேறு இருக்காது.

புவியியல் பட்டம் பி.ஏ. ஆகவும் பி.எஸ்சி. ஆகவும் தரப்படுகிறது, டர்ஹம் போன்ற பல்கலைக்கழகங்களில் இரண்டும் உண்டு. பி.எஸ்சி.க்குச் சில இடங்களில் இன்னோர் அறிவியல் பாடமோ கணிதமோ கேட்பார்கள் என்பதால், இந்த விவரத்தை முதலாண்டில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. பட்டத்துக்குப் பிறகு வெள்ளத் தடுப்பு, நகரத் திட்டமிடல், சுற்றுச்சூழல் ஆலோசனை, வரைபடத் தரவு எனப் பல வழிகள் இருக்கின்றன. லண்டனின் காப்பீட்டு நிறுவனங்களில் புயலும் வெள்ளமும் எவ்வளவு இழப்பை உண்டாக்கும் என்று கணிக்கும் குழுக்களிலும் புவியியல் படித்தவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். 'இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?' என்று கேட்கும் மாமாவுக்கு அந்த ஒரு வேலையைச் சொன்னாலே போதும். சம்பளத்தைப் பற்றிய கேள்வி அவரிடமிருந்து தானாகவே வந்துவிடும்.